பங்காளி குரூப்பில் வந்த பத்திரிகை

ஆவணி முகூர்த்த நேரம். திருமங்கலத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போனைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். "தம்பி, நான் யாருக்கும் எதுவும் அனுப்பலை. ஆனா உங்க வீட்ல என்ன விசேஷம்னு எல்லாரும் கேக்குறாங்க" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். முதல் நாள் சாயங்காலம் பங்காளிகள் வாட்ஸ்அப் குரூப்பில் 'கல்யாணப் பத்திரிகை' என்று ஒரு ஃபைல் வந்திருந்தது. பெயரின் கடைசியில் பிடிஎஃப் என்றோ ஜேபிஜி என்றோ இல்லை, ஏபிகே என்று இருந்தது. அது ஆண்ட்ராய்டு போனில் ஏறி உட்காரும் ஆப். தெரியாத இடத்து ஆப்பை ஏற்றலாமா என்று போன் கேட்டிருக்கிறது. எந்த மண்டபம் என்று பார்க்கும் அவசரத்தில் சரி என்று தொட்டுவிட்டார். எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டதற்கும் சரி. பத்திரிகை திறக்கவே இல்லை, ஐகானும் மறைந்துவிட்டது. இனி அவருக்கு வரும் வங்கி ஓடிபியை வேறொருவன் படிப்பான். அதே ஃபைல் அவர் பெயரிலேயே அவருடைய குரூப்புகளுக்கெல்லாம் போயிருந்தது.

இந்தப் பரவலைக் கணக்காகப் போட முடியும். 1927-இல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இருவர் தொற்றுநோய்க்கு ஒரு கணக்கு எழுதினார்கள். அதைப் பொருத்திப் பார்க்க எடுத்துக்கொண்டது நம் பம்பாயில் 1905-06-இல் நடந்த பிளேக் சாவுகளை. நோய் வரக்கூடியவர்கள், வந்து பரப்புகிறவர்கள், அதிலிருந்து விலகியவர்கள் என்று ஊரை மூன்றாகப் பிரித்தார்கள். போன் வைரஸுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். எத்தனை பேருக்குப் போகிறது, எத்தனை பேர் தொடுகிறார்கள், எவ்வளவு நேரம் அங்கே கிடக்கிறது, இவைதான் முக்கியம். 300 பேருக்குப் போய் நூற்றுக்கு ஒருவர் தொட்டாலே மூன்று பேர். மூன்று ஒன்பதாகும், ஒன்பது இருபத்தேழாகும். ஒருவரால் சராசரியாக ஒருவருக்கும் குறைவாகத்தான் பரவுகிறது என்ற நிலை வந்தால் தானாக அணைந்துவிடும்.

ஆனால் ஊரில் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. ஆசிரியருக்கு அனுப்பிய தம்பி மகன் நான்கு குரூப்பில் இருக்கிறான். ஆசிரியர் இருப்பது 37 குரூப்பில். பங்காளிகள், குலசாமி கோயில் திருப்பணி, ஓய்வூதியர் சங்கம், பழைய மாணவர்கள் என்று போகிறது. இப்படிப் பலரைக் கோக்கும் ஆட்கள் உள்ள வலையில், கொஞ்சமே தொற்றும் வைரஸ்கூட அணையாமல் சுற்றும் என்று பாஸ்டர்-சடோரஸ், வெஸ்பிக்னானி என்ற இயற்பியலாளர்கள் இருவரும் 2001-இல் காட்டினார்கள்.

அந்த ஆட்களைக் கண்டுபிடிக்க 2003-இல் கோஹன், ஹாவ்லின், பென்-அவ்ரஹாம் மூவரும் ஒரு வழி சொன்னார்கள். கண்ணில் பட்ட சிலரிடம் "உனக்குத் தெரிந்த ஒருவரைச் சொல்" என்று கேட்டு, அந்த ஒருவருக்குத் தடுப்பூசி போட வேண்டும். நாலு பேருக்குத் தெரிந்தவர் அதில் தானாக மாட்டுவார். ஒத்தக்கடையில் ஒரு மகளிர் குழுவில், விசேஷச் செய்தி யார் மூலமாக வரும் என்று கேட்டேன். பதினைந்து பேரில் பதினோரு பேர் ஒரே அக்காவைக் கைகாட்டினார்கள். அரை மணி நேரம் அந்த அக்காவின் போனோடுதான் உட்கார்ந்தேன். தெரியாத ஆப் ஏற்றும் அனுமதியை எல்லாவற்றுக்கும் நிறுத்தினோம். கெட்ட ஆப்பைச் சோதித்துப் பிடிக்கும் கூகுளின் பிளே புரொடெக்ட் ஓடுகிறதா என்று பார்த்தோம். வாட்ஸ்அப்புக்கு இரண்டாவது பின் நம்பர் போட்டோம்.

அந்தக் கணக்கில் மூன்றாவதாகச் சொன்ன நேரத்தைத்தான் நாம் கோட்டை விடுகிறோம். ஏதோ தப்பு என்று ஆசிரியருக்கு ராத்திரி எட்டு மணிக்கே தெரிந்துவிட்டது. வாத்தியார் ஏமாந்துட்டாருன்னு பேசுவாங்களே என்று விடியும்வரை வாய் திறக்கவில்லை. அந்த இரவில் உசிலம்பட்டியில் இருக்கும் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் அவரை நம்பித் தொட்டிருக்கிறார்கள். இத்தனை வருடத்தில் நான் பார்த்த பெரும்பாலான பரவல்களில் இந்தக் கூச்சம் இருந்தது. ஏமாந்தவர்களைத் தயவுசெய்து கேலி செய்யாதீர்கள். அடுத்தவர் சொல்லப் பயப்படுவதற்கு அதுவே காரணம்.

தொட்டுவிட்டால் உடனே போனை ஃபிளைட் மோடில் போடுங்கள். வேறு போனிலிருந்து வங்கிக்கும், சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் பேசுங்கள். அப்புறம் குரூப் அட்மின்களைக் கூப்பிடுங்கள். யார் அனுப்பியதாக இருந்தாலும் எல்லாருக்குமாக அழிக்க அட்மினால் முடியும். இன்னும் தொடாதவர்கள் அதில் தப்பிப்பார்கள். போனைத் துடைத்து ரீசெட் செய்வதெல்லாம் அதற்குப் பிறகு.

ஆசிரியர் என் போனை வாங்கி, பங்காளி குரூப் அட்மினை முதலில் கூப்பிட்டார். "தம்பி, அதை நான் அனுப்பலை, வைரஸ் அனுப்புச்சு. அழிச்சிரு" என்றார். 36 குரூப் பாக்கி இருந்தது. ஒரு தாளில் எழுதி, பேசப் பேச அடித்துக்கொண்டே வந்தார்.