‘ரெண்டு நிமிஷ வேலைதான்’ என்று டேங்குக்குள் இறங்காதீர்கள்

மறுபடியும் ஒரு விபத்துக் குறிப்பு வந்திருக்கிறது. சப்ளை கப்பல் ஒன்றில் காலி டேங்குக்குள் இறங்கியவர் விழுந்துவிட்டார். அவரைத் தூக்கிவர இறங்கியவரையும் பிணமாகத்தான் மேலே எடுத்தார்கள். கப்பலின் பெயரையும் தேதியையும் மறைத்துவிட்டால், இதற்கு முன் நான் படித்த குறிப்புகளில் எது இது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. சப்ளை கப்பல்களில் சீஃப் ஆபீசராக ஓடிவிட்டு, இப்போது கப்பல்களில் பாதுகாப்புத் தணிக்கையும் பயிற்சியும் செய்கிறேன். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்குகளுக்குச் சாமான் கொண்டுபோவதுதான் சப்ளை கப்பலின் வேலை. பார்ப்பவர் கண்ணில் படுவது பின்பக்கத் திறந்த டெக்கும் அதில் அடுக்கிய கன்டெய்னர்களும் குழாய்களும். ஆனால் டெக்குக்குக் கீழேயும் சரக்கு நிறைய இருக்கிறது: கிணறு துளையிடும்போது உள்ளே செலுத்தும் ‘மட்’ என்ற சேற்றுக் கலவை, பிரைன் என்ற உப்புக் கரைசல், சிமென்ட் தூள், டீசல், குடிநீர், சில கப்பல்களில் மெத்தனால். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டேங்க். திரும்பும்போது ரிக்கில் பயன்படுத்தி முடித்த மட், கழிவுநீர் எல்லாம் ஏறும். அதைத் துறைமுகத்தில் இறக்கிவிட்டு, அடுத்த சரக்குக்கு டேங்கைக் கழுவித் தயாராக்க வேண்டும். அடியில், மட்டில் கனத்துக்காகச் சேர்க்கும் பாரைட் என்ற தாதுத் தூள் சேறாக இறுகிக் கிடக்கும். கழுவும் மெஷினுக்கு வராத மூலைகளை ஆள் இறங்கித்தான் சுரண்ட வேண்டும். கப்பலை வாடகைக்கு எடுத்தவரோ டேங்க் எப்போது ரெடி என்று மணிக்கு ஒரு தரம் கேட்டுக்கொண்டே இருப்பார். இந்த அவசரத்தில்தான் யாராவது ஒருவர் வாயிலிருந்து “ரெண்டு நிமிஷ வேலைதான் சீஃப், நானே போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்” என்று வருகிறது.

மட் டேங்க் மட்டும் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். நங்கூரச் சங்கிலி கிடக்கும் செயின் லாக்கர், கப்பலின் சமநிலைக்குக் கடல்நீர் நிரப்பும் பேலஸ்ட் டேங்க், எதுவும் வைக்காமல் காலியாக விட்ட வாய்ட் ஸ்பேஸ், கழிவறைக் கழிவு சேரும் டேங்க், சரக்குக் கிடங்குக்கு இறங்கும் ஏணி அறை என்று மூடிக் கிடந்த எந்த இடமும் இதே வகைதான். துரு ஆக்சிஜனைத் தின்னும். மரம், நிலக்கரி, இரும்புச் சீவல் போன்ற சரக்குகளும் தின்னும். தேங்கிக் கிடக்கும் மட் சேறும் அழுகிய மீனும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயுவைக் கிளப்பும். மெத்தனால் டேங்கில் தீப்பிடிக்காமல் இருக்க நாமே நைட்ரஜனை நிரப்பி வைக்கிறோம். இதெல்லாம் கப்பலில் இருப்பவர்களுக்குப் பாடமாகத் தெரியும், நீட்டவில்லை.

நான் நீட்டப்போவது வேறொன்றை. எந்தப் பயிற்சி வகுப்பிலும், “உள்ளே ஆக்சிஜன் இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டால் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “மூச்சு முட்டும் சார். முட்டினா ஏறி வந்துடுவேன்.” புதிதாகப் பயிற்சிக்கு வந்த கேடட்டும் சொல்கிறான், டெக் ஆட்களுக்குத் தலைவரான, தலை நரைத்த போசனும் சொல்கிறார்.

முட்டாது. தயவுசெய்து இதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மூச்சு முட்டுகிற உணர்வு பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவதால் வருவதில்லை, உடம்பில் கார்பன் டை ஆக்சைடு சேர்வதால் வருகிறது. தண்ணீருக்குள் தம் கட்டினால் நெஞ்சு தவிப்பதும் அதனால்தான், வெளியே போக வேண்டியது போக வழியில்லாமல் உள்ளேயே சேர்கிறது. ஆக்சிஜன் இல்லாத டேங்கில் நீங்கள் தம் கட்டவில்லை. வழக்கம்போல இழுத்து, வழக்கம்போல விடுகிறீர்கள். கார்பன் டை ஆக்சைடு ஒழுங்காக வெளியேறுகிறது. அதனால் உடம்புக்கு ஒரு குறையும் தெரிவதில்லை. நெஞ்சு அடைக்காது, தொண்டை இறுகாது. ஏணியில் நாலு படி இறங்கியதும் கால் துவளும், அவ்வளவுதான். விழுகிறோம் என்பதே விழுபவருக்குத் தெரியாது.

இதற்கு அடுத்து வரும் வாதம்: “நான் தண்ணிக்குள்ள ஒரு நிமிஷம் தம் கட்டுவேன். ஒரு நிமிஷத்துல ஆளைத் தூக்கிட மாட்டேனா?” தம் கட்டும்போது நுரையீரலில் ஏற்கெனவே இருக்கும் ஆக்சிஜனை உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளும். ஆக்சிஜன் இல்லாத வாயுவை இழுத்தால் நடப்பது தலைகீழ். ரத்தத்தில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனும் நுரையீரல் வழியாக வெளியேறிவிடும். ஓரிரு மூச்சிலேயே நினைவு போவது இதனால்தான். மயங்கிக் கிடக்கும் ஆளைத் தோளில் போட்டுக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறும் எவராலும் தம் கட்டிக்கொண்டே இருக்க முடியாது. நடுவில் ஒரு தடவை இழுத்தே தீருவார்.

வெளிக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். அது 14க்குக் கீழே போனால் கை கால் தளர்வதற்கு முன்பே புத்தி மழுங்கும். ‘ஒண்ணும் ஆகலையே, நல்லாத்தானே இருக்கேன்’ என்று தோன்றும் கட்டம் அது. 10க்குக் கீழே மயக்கம். 6க்குக் கீழே என்றால் சில நொடிகள்தான்.

மூக்கை நம்புபவர்களும் இருக்கிறார்கள். ஆக்சிஜன் குறைவுக்கு வாசனையே கிடையாது. ஹைட்ரஜன் சல்பைடுக்கு அழுகிய முட்டை நாற்றம் உண்டு, உண்மைதான். ஆனால் காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு என்ற அளவை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும். “முதல்ல நாறுச்சு, இப்ப போயிடுச்சு” என்று யாராவது சொன்னால் அவரை உடனே அந்த இடத்தை விட்டு இழுத்து வாருங்கள்.

2007 செப்டம்பர் 23 அன்று வட கடலில் வைக்கிங் ஐலே என்ற கப்பலில் நடந்ததை என் வகுப்புகளில் தவறாமல் சொல்கிறேன். எண்ணெய், எரிவாயு மேடைகளுக்கு அருகில் காவலுக்கு நிற்கும் மீட்புக் கப்பல் அது. விபத்து நடந்தால் ஆட்களைக் காப்பாற்றுவதே அதன் வேலை. செயின் லாக்கருக்குள் நங்கூரச் சங்கிலி ஆடி மோதிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அதைக் கட்டிவிட்டு வர இரண்டு பேர் போனார்கள். ஒருவர் உள்ளே இறங்கி விழுந்தார். கூட இருந்தவர் வயர்லெஸ்ஸில் தகவல் சொல்லிவிட்டு, தானும் இறங்கி விழுந்தார். மூன்றாமவர் மூச்சுக்கருவியான பிஏ செட்டை மாட்டிக்கொண்டு வந்தார். அதோடு அந்தச் சின்ன வாசலில் நுழைய முடியவில்லை. பிஏ செட்டைக் கழற்றிவிட்டு, தப்பி ஓடுவதற்கென்று வைத்திருக்கும் ஈஈபிடி முகமூடியைப் போட்டுக்கொண்டு இறங்கினார். உள்ளே அது நழுவிவிட்டது. மூவரும் இறந்தார்கள். அங்கே விஷவாயு எதுவும் கசியவில்லை. சங்கிலியும் சுவரும் துருப்பிடித்து, அறையிலிருந்த ஆக்சிஜனைக் குடித்திருந்தன.

ஈஈபிடி பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது புகை சூழ்ந்த இடத்திலிருந்து வெளியே ஓடுவதற்கு. குறைந்தது பத்து நிமிடம் தாங்கும்படி செய்யப்பட்டது. ஆக்சிஜன் குறைந்த டேங்குக்குள் போக அதைப் பயன்படுத்தவே கூடாது என்று சர்வதேச விதியிலேயே இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு டேங்குக்குள் போகலாம் என்று நினைக்கும் அனுபவசாலிகளை இன்றும் கப்பல்களில் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது.

‘நடுக்கடலில் உதவி இல்லாமல் போய்விட்டது’ என்றும் சமாதானம் சொல்ல வேண்டாம். 2014 மே 26 அன்று இங்கிலாந்தின் கூல் துறைமுகத்தில், கரையில் கட்டிய நிலையில் இருந்த சுன்டிஸ் என்ற சரக்குக் கப்பலில் மூன்று பேர் இறந்தார்கள். சரக்கு வெறும் அறுத்த மரம். அவர்கள் விழுந்தது கிடங்குக்கு இறங்கும் ஏணி அறையில்.

சரி, என்ன செய்ய வேண்டும்?

மேன்ஹோலைத் திறந்து வைப்பது காற்றோட்டம் ஆகாது. காற்றை உள்ளே ஊதும் ப்ளோயர் போடுங்கள், அதன் குழாய் அடிவரை போகட்டும், டேங்கின் கொள்ளளவுக்கு ஏற்ற நேரம் ஓடட்டும். வெல்டிங் சிலிண்டரிலிருந்து ஆக்சிஜனைத் திறந்துவிடும் ‘சாமர்த்தியம்’ யாருக்கும் வேண்டாம், ஒரு தீப்பொறி போதும், மொத்தமும் எரிந்துவிடும். பிறகு ப்ளோயரை நிறுத்தி, காற்று அடங்கவிட்டு, வெளியே நின்றபடியே வாயுவை அளக்கும் மீட்டரின் குழாயை இறக்கி மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் அளக்க வேண்டும். நீளமான குழாய் என்றால் அடியிலுள்ள வாயு மீட்டருக்கு ஏறி வர நேரம் பிடிக்கும். விட்டவுடன் படித்தால் நீங்கள் படிப்பது டெக்கின் காற்றை. முதலில் ஆக்சிஜனைப் பாருங்கள், ஏனென்றால் அது குறைந்த இடத்தில் தீப்பிடிக்கும் வாயுவை அளக்கும் சாதாரண சென்சார் சரியாகக் காட்டாது.

மீட்டர் 20.2 காட்டினால் ‘கிட்டத்தட்ட சரிதான்’ என்று கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஆக்சிஜன் 0.7 சதவீதம் குறைந்தது வேறொரு வாயு உள்ளே புகுந்ததால் என்றால், காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்குதான் என்பதால், புகுந்த வாயு 3 சதவீதத்துக்கும் மேல் இருக்கும். அதாவது பத்து லட்சத்துக்கு 30,000 பங்குக்கும் மேல். அது ஹைட்ரஜன் சல்பைடாக இருந்தால் என்ன ஆகும் என்று மேலே படித்த 100ஐ வைத்து நீங்களே பாருங்கள். ஏன் குறைந்தது என்று தெரியும்வரை யாரும் இறங்கக் கூடாது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2015 ஜனவரி 1 முதல், மூடிய இடத்துக்குள் இறங்கும் வேலையில் இருப்பவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்பு டிரில் செய்ய வேண்டும் என்று, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸின் விதி சொல்கிறது. 2016 ஜூலை 1 முதல் வாயு மீட்டர் கப்பலிலேயே இருக்க வேண்டும். ஆனால் சோலாஸ் எல்லைக்குள் வராத சின்னச் சப்ளை படகுகளும் மீன்பிடிக் கப்பல்களும் ஏராளம். அங்கே மீட்டர் வாங்கச் சட்டம் கட்டாயப்படுத்தாமல் இருக்கலாம், டேங்க் மட்டும் பெரிய கப்பலின் டேங்க் போலவேதான் கொல்லும். முதலாளிகளே, மீட்டர் வாங்கிக் கொடுங்கள்.

பெரிய கப்பல்களிலும் காகிதம்தான் ஜெயிக்கிறது. காலை எட்டு மணிக்கே நாள் முழுவதற்குமான பெர்மிட் (உள்ளே இறங்க எழுதித் தரும் அனுமதி), மெஸ் ரூம் மேஜையில் உட்கார்ந்து எழுதிய ரீடிங், எல்லா வரியிலும் 20.9. கேப்டன்களே, அந்தக் கையெழுத்து உங்களுடையது. சாப்பிட்டுவிட்டு மறுபடி இறங்கும் முன் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். சேற்றைக் கிளறக் கிளற வாயு வரும் என்பதால், உள்ளே இருப்பவர் உடம்பிலும் ஒரு மீட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

மேன்ஹோல் வாசலில் நிற்பவருக்கு ஒரே ஒரு வேலை: நிற்பது. உள்ளே இருப்பவர் பதில் சொல்லவில்லை என்றால் அலாரம் அடியுங்கள், கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜுக்குச் சொல்லுங்கள், இறங்காதீர்கள். விழுந்து கிடப்பவர் உங்கள் அறை நண்பராக இருப்பார், கண்ணெதிரே கிடப்பார், கால் தானாகவே ஏணிக்குப் போகும். அந்த நொடியில் நீங்கள் இறங்கினால் மீட்புக் குழு இரண்டு பேரைத் தூக்க வேண்டியிருக்கும். அவருக்குக் கிடைக்க வேண்டிய நிமிடங்களும் உங்களோடு போய்விடும்.

இளம் பிள்ளைகளுக்கு: தம்பி, மீட்டர் காட்டும் எண்ணை உன் கண்ணால் பார்க்காமல் இறங்காதே. போசன் முறைத்தாலும் பரவாயில்லை, ‘வேலையை நிறுத்து’ என்று சொல்லும் உரிமை ஆஃப்ஷோரில் கடைசி ஆளுக்கும் உண்டு. வீட்டில் இருப்பவர்களே, போனில் பேசும்போது இன்றைக்கு டேங்க் வேலை என்று அவர் சொன்னால், “அளந்தீங்களா, வெளியே யார் நிக்கறாங்க?” என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

அடுத்த டிரில்லில் மூடியிருக்கும் மேன்ஹோலைச் சுற்றி நின்று போட்டோ எடுத்து முடித்துவிடாதீர்கள். ஒரு பாதுகாப்பான, அளந்து பார்த்த டேங்கைத் தேர்ந்தெடுத்து, பிஏ செட்டோடு நுழைந்து பாருங்கள். ஸ்ட்ரெச்சரில் ஆள் எடையுள்ள பொம்மையைக் கட்டி மேலே இழுத்துப் பாருங்கள். செயின் லாக்கர் வாசலில் பிஏ செட் நுழைகிறதா என்று இந்த வாரமே டேப் வைத்து அளங்கள். நுழையாது என்றால் அதை எழுத்தில் அலுவலகத்துக்கு அனுப்புங்கள், வேறு வழி கிடைக்கும்வரை அந்த வாசலில் பூட்டுப் போடுங்கள்.