சுகர் மாத்திரை மோஷன்ல முழுசா வருதா? பயந்து நிறுத்திடாதீங்க

போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தாங்க. அவங்க அம்மாவுக்கு 58 வயசு, ரெண்டு வருஷமா சுகர். டாக்டர் பழைய மெட்ஃபார்மினை மாத்தி எக்ஸ்.ஆர்., அதாவது மருந்தை மெதுவா விடற மெட்ஃபார்மின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காரு. பத்து நாள் கழிச்சு பாத்ரூம்ல பார்த்தா முழுங்கின மாத்திரை முழுங்கின மாதிரியே வெளிய வந்திருக்கு. "கரையவே இல்ல, காசுக்குப் பிடிச்ச கேடு"ன்னு அம்மா அன்னிக்கே நிறுத்திட்டாங்க. டாக்டர்கிட்ட இதைப் போய் எப்படிச் சொல்றதுன்னு கூச்சம், வீட்லயும் சொல்லல, மூணு மாசம் கழிச்சு ரிப்போர்ட் எகிறினப்பதான் விஷயமே தெரிஞ்சிருக்கு. மாத்திரை கரையாம வந்தா அது வேலை செஞ்சுதா இல்லையான்னு கேக்கறாங்க.

பெரும்பாலும் வேலையை முடிச்சுட்டுத்தான் வெளிய வந்திருக்கும். அம்மா பார்த்தது மருந்து காலியான வெறும் கூடு. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், கொஞ்சம் நிதானமாவே சொல்றேன்.

மெட்ஃபார்மின் என்ன செய்யுதுன்னு பலருக்கும் தெரிஞ்சிருக்கும். டைப் 2 சுகர்ல இன்சுலின் சொல்றதை உடம்பு சரியா கேக்காது, கல்லீரலும் தேவையில்லாம ராத்திரியெல்லாம் குளுக்கோஸை ரத்தத்துல விட்டுக்கிட்டே இருக்கும். அந்தக் கல்லீரலைக் கொஞ்சம் அடக்கி வைக்கறதுதான் மெட்ஃபார்மினோட முக்கியமான வேலை. 1957ல பாரிஸ்ல ழான் ஸ்டெர்ன்ங்கிற டாக்டர் இதை சுகருக்குக் கொடுத்துப் பார்த்து வெளியிட்டாரு, அதுக்கு மூலம் கலேகாங்கிற ஒரு ஐரோப்பிய மூலிகைச் செடியில இருந்த பொருள். இங்கிலீஷ் மருந்துன்னாலே கெமிக்கல், மூலிகைன்னாலே நல்லதுன்னு பேசறவங்க இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பார்க்கணும்.

சாதா மெட்ஃபார்மின்ல ரெண்டு தொல்லை. முழுங்கினா சட்டுன்னு கரைஞ்சு சுமார் ரெண்டரை மணி நேரத்துல ரத்தத்துல உச்சத்துக்குப் போயிடும், அப்புறம் சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதி பாதியா குறைஞ்சு சிறுநீர்ல போயிடும், அதனால ஒரு நாளைக்கு ரெண்டு மூணு வேளை போடணும். ரெண்டாவது, மொத்த மருந்தும் ஒரே நேரத்துல குடல்ல கொட்டறதால சிலருக்கு வயித்தைப் புரட்டும், பேதியாகும், வாயில இரும்பு மாதிரி ஒரு ருசி வரும். மத்தியான மாத்திரையை ஆபீஸ்ல மறந்துடறவங்க, பஸ் பயணம்னா வயித்துக்குப் பயந்து காலை மாத்திரையைத் தள்ளிப் போடறவங்க, இப்படியே மெதுவா விட்டுடறவங்க நிறைய பேர்.

சரி, மெதுவா கரையற மாத்திரை செஞ்சா போச்சுன்னு தோணும். ஆனா அதுலதான் சிக்கல். மெட்ஃபார்மினை முக்கியமா சிறுகுடலோட மேல் பகுதிதான் உறிஞ்சும், பெருங்குடல்ல பெருசா உறிஞ்சாது. மாத்திரை மெதுவா கரைஞ்சுக்கிட்டே கீழ போயிட்டா, இறங்க வேண்டிய ஸ்டாப் தாண்டினதுக்கு அப்புறம் பஸ் கதவு திறந்த கதைதான், மிச்ச மருந்துல பெரும்பகுதி ரத்தத்துல சேராது. அதனால மாத்திரை வயித்துலயே மணிக்கணக்கா உக்காந்து, சொட்டுச் சொட்டா மருந்தை அனுப்பிக்கிட்டே இருக்கணும். ஆனா வயிறோ எதையும் அரைச்சுக் கீழ தள்ளற மெஷின், அதுல எப்படி உக்கார முடியும்?

சப்ஜா விதையைத் தண்ணியில போட்டுப் பார்த்திருப்பீங்க, கறுப்பா சின்னதா இருக்கற விதை கொஞ்ச நேரத்துலயே சுத்தி வழவழன்னு ஒரு ஜெல் சட்டை போட்டுக்கும். ஜிகர்தண்டாவுக்கு ராத்திரியே ஊறப்போடற பாதாம் பிசினும் அப்படித்தான், காலையில பார்த்தா கிண்ணம் நிறைய பொங்கி நிக்கும். எக்ஸ்.ஆர். மாத்திரையும் இதே வித்தைதான் பண்ணுது. பல கம்பெனி மாத்திரையில மெட்ஃபார்மினோட ஹைப்ரோமெல்லோஸ்ங்கிற பொருளைக் கலந்து அழுத்தியிருப்பாங்க, மரக்கூழ்லயோ பஞ்சுலயோ கிடைக்கற செல்லுலோஸைக் கொஞ்சம் மாத்தி செய்யறது அது, கண்ணு வறண்டு போனா விடற சொட்டு மருந்துல கூட இருக்கும். வயித்துல தண்ணி பட்டதும் மாத்திரையோட மேல்பக்கம் ஜெல்லா மாறி உப்பும். தண்ணி அந்த ஜெல் வழியா மெதுவா உள்ள போகும், உள்ள இருக்கற மெட்ஃபார்மினைக் கரைக்கும், கரைஞ்ச மருந்து அதே ஜெல் வழியா ஊர்ந்து வெளிய வரணும். உள்ள போற தண்ணிக்கும் வெளிய வர்ற மருந்துக்கும் அந்த ஜெல்தான் வழி, அதுதான் தடையும். தண்ணி உள்ள போகப் போக ஜெல் சுவர் தடிமனாகும், மருந்து கடந்து வர வேண்டிய தூரமும் கூடும், அதனால வேகம் தானா அடங்கும். இதுல பேட்டரி கிடையாது, கடிகாரம் கிடையாது, வெறும் ஊறற வேகத்தை வச்சே நேரத்தைக் கணக்குப் பண்ணியிருக்காங்க!

உப்பறதுல இன்னொரு லாபமும் இருக்கு. நாம சாப்பிட்டதும் வயித்தோட வாசல், அதாவது சிறுகுடலுக்குத் திறக்கற பைலோரஸ், சல்லடை மாதிரி வேலை செய்யும். கூழா அரைஞ்சதைத்தான் விடும், பெருசா இருக்கறதைத் திரும்ப அரைக்கச் சொல்லி வயித்துக்கே தள்ளிடும். உப்பின மாத்திரை அந்த வாசலைத் தாண்ட முடியாம சாப்பாட்டோடயே வயித்துல தங்கிடும். அதனாலதான் ராத்திரி சாப்பாட்டோட போடச் சொல்றாங்க. வெறும் வயித்துல போடறதைவிட சாப்பாட்டோட போட்டா சுமார் 50% கூடுதலா மருந்து ரத்தத்துல சேருது, உச்சத்துக்குப் போக சுமார் ஏழு மணி நேரம் எடுத்துக்குது. சாப்பாடெல்லாம் இறங்கி வயிறு காலியானதும் மிச்சத்தைக் கூட்டித் தள்ளற ஒரு பெரிய அலை வரும், அப்பதான் அந்தக் கூடு கீழ இறங்கும். செல்லுலோஸை செரிக்கற என்சைம் நம்ம உடம்புல கிடையாது, கீரைத்தண்டு நாரு மாதிரி அது அப்படியே வெளிய வந்துடும். பல எக்ஸ்.ஆர். மெட்ஃபார்மினோட மருந்துக் குறிப்புலயே இப்படி மெத்துன்னு ஒரு கட்டியா, மாத்திரை உருவத்துலயே வரலாம்னு எழுதியிருக்கு, ஆனா அந்தப் பொடி எழுத்தை யாரு படிப்பா?

உள்ள இவ்வளவு வேலைப்பாடு இருக்கறதாலதான் இந்த மாத்திரையை நீங்களா உடைக்கக் கூடாது, நசுக்கக் கூடாது, மெல்லக் கூடாது. பெருசா இருக்கு, முழுங்க முடியலன்னு நாலா ஒடிச்சுப் போடறவங்க நிறைய பேர் இருக்காங்க, ஒடிச்சா தண்ணி நாலு பக்கமும் புகுந்து மெதுவா வர வேண்டிய மருந்து சீக்கிரமா வெளிய வந்துடும், திரும்ப அந்த வயித்துப் புரட்டல்தான்.

எங்க சித்தியும் இதே சந்தேகத்தைக் கேட்டாங்க. நான் வாயால சொன்னதை நம்பல, அதனால ஒரு மாத்திரையை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணியில போட்டு சமையல் மேடையில வச்சோம், குழந்தைங்க கை எட்டாத இடமா பார்த்து. காலையில பார்த்தா மாத்திரை உப்பி, தொட்டா வழுக்கற பதத்துல இருந்துச்சு. "அட, சப்ஜா விதை மாதிரில்ல இருக்கு"ன்னாங்க. அந்த உவமையே அவங்க சொன்னதுதான்.

சுகர்ல மாத்திரையை விடறது இவ்வளவு சுலபமா இருக்கறதுக்குக் காரணம், விட்டா அன்னிக்கு ஒண்ணுமே தெரியாது. தலைவலி மாத்திரை போடலன்னா தலை வலிக்கும், சுகர் மாத்திரை போடலன்னா அடுத்த நாளும் சாதாரணமாத்தான் இருக்கும். ஆனா ரத்தத்துல குளுக்கோஸ் ஏறி சிவப்பணுவுல இருக்கற ஹீமோகுளோபின்ல போய் ஒட்டிக்கும், முதல்ல பிரியற மாதிரி ஒட்டும், அப்புறம் பிரியாத மாதிரி இறுகிடும். ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழும், அந்த 120 நாளும் ஒட்டினதைச் சுமந்துக்கிட்டே திரியும், ஹெச்பிஏ1சி டெஸ்ட் அளக்கறது அதைத்தான். டெஸ்டுக்கு ஒரு வாரம் முன்னாடி மட்டும் ஒழுங்கா மாத்திரை போட்டா வெறும் வயித்து சுகர் அழகா வரும், ஏ1சி மூணு மாசக் கதையைச் சொல்லிடும். எங்க பெரியப்பா இதுக்கு நேர் எதிர், ரிப்போர்ட் நார்மல்னு வந்தா "சரியாயிடுச்சு"ன்னு நிறுத்திடுவாரு. மாத்திரையாலதான் நார்மல் ஆச்சுங்கறதை அவருக்குப் புரிய வைக்க எங்களுக்கு ரொம்ப வருஷம் ஆச்சு, அதுக்குள்ள கண்ணுல விழித்திரை பாதிச்சுடுச்சு. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கு.

இன்னொரு வதந்தி, மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்கும்னு. இது எப்படிக் கிளம்பியிருக்கும்னு எனக்குத் தோணறதைச் சொல்றேன். மெட்ஃபார்மின் உடம்புல உடையாது, கிட்னிதான் அதை அப்படியே வெளிய தள்ளணும், அதனால கிட்னி ஏற்கெனவே பலவீனமானவங்களுக்கு டாக்டர் அளவைக் குறைப்பாரு, கிட்னி வடிகட்டற வேகம் (ரிப்போர்ட்ல eGFR-னு இருக்கும்) 30க்குக் கீழ போனா நிறுத்திடுவாரு. பார்க்கறவங்க அதைத் தலைகீழா புரிஞ்சுக்கிட்டு, மாத்திரையாலதான் கிட்னி போச்சுன்னு முடிவு பண்ணிடறாங்க. கிட்னியைக் கெடுக்கறது கட்டுப்படாத சுகரும் பி.பி.யும். முப்பதே நாள்ல சுகரை விரட்டுவோம்னு வீடியோ போட்டு மாத்திரையை நிறுத்தச் சொல்றவங்க மேல எனக்கு நிஜமாவே கோவம் வருது, விளைவு வர்றப்ப அவங்க யாரும் கூட நிக்க மாட்டாங்க.

2003ல உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, வளர்ந்த நாடுகள்லயே நீண்ட நாள் நோய்க்கு மருந்தை ஒழுங்கா எடுத்துக்கறவங்க சராசரியா பாதிப் பேர்தான்னு சொல்லுது. இந்தியாவுல 10.1 கோடி பேருக்கு சுகர்னு 2023ல இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்லிச்சு. புது மருந்து கண்டுபிடிக்கக் கொட்டற பணத்துல ஒரு சின்னப் பங்காவது, இருக்கற மலிவான மாத்திரையை ஏன் பாதியில விடறாங்கன்னு வீடு வீடா போய் கேக்கற ஆராய்ச்சிக்குக் கொடுக்கணும்ங்கறது என் கருத்து. தமிழ்நாட்டுல 2021 ஆகஸ்ட் 5ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் அந்த வகையில எனக்குப் பிடிச்ச திட்டம், சுகர் பி.பி. மாத்திரையை வாசல்லயே கொண்டு வந்து கொடுக்கறாங்க, கூலி வேலையை விட்டுட்டு ஜி.ஹெச். வரிசையில நிக்கற பாடு மிச்சம். மாத்திரையைக் கையில கொடுக்கறவங்களே, அது மெடிக்கல்லா இருந்தாலும் சரி, "கூடு மட்டும் வெளிய வரும், பயப்படாதீங்க"ன்னு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிட்டா இந்த வாசகரோட அம்மா மூணு மாசம் விட்டிருக்க மாட்டாங்க.

அந்த வாசகருக்கு: அம்மா விட்டு இவ்வளவு நாளானதால பழைய டோஸை நாளைக்கே அவங்களா ஆரம்பிக்க வேண்டாம், டாக்டரைப் பாருங்க. வயிறு பழகறதுக்காக 500 மில்லிகிராம்ல தொடங்கி வாரா வாரம் ஏத்தறதுதான் வழக்கம். மோஷன்ல பார்த்ததைக் கூச்சப்படாம சொல்லச் சொல்லுங்க, பேதி எதாவது இருந்துச்சான்னும் சேர்த்துச் சொல்லணும், ஏன்னா குடல் வேகமா தள்ளினா மட்டும் மருந்து தீர்றதுக்கு முன்னாடியே மாத்திரை வெளிய வந்துட வாய்ப்பு இருக்கு.