அடி வலிக்காது என்று மகளிடம் சொல்லும் தாய்

"அவருக்கு என்மேல் உயிர், அக்கா. அதைச் சொல்லத்தான் தெரியாது. வேலை போனதிலிருந்துதான் என்மேல் கை நீட்டுகிறார்." இந்த மாதமும் ஒரு பெண் என் எதிரில் உட்கார்ந்து இதைச் சொன்னார். குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு நியூஜெர்சியில் ஆலோசனை சொல்வது என் தொழில். எத்தனை பேர் வாயால் கேட்டாலும் இந்தப் பேச்சு எனக்குப் பழகவே இல்லை. 'கரோசல்' என்ற இசை நாடகத்தை எனக்கு ஏன் பிடிக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு என் பதிலும் இதுதான். அதன் நாயகன் பில்லி பிகலோவின் கதை முழுவதும் அந்தப் பெண் சொன்னதற்குள் அடங்கிவிடுகிறது.

ராட்ஜர்ஸ் இசையமைக்க, ஹாமர்ஸ்டைன் வசனமும் பாடல்களும் எழுதி, 1945இல் நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் அரங்கேறி 890 முறை நடந்த நாடகம் இது. இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த இசை நாடகம் என்று 1999இல் 'டைம்' இதழ் இதைத் தேர்ந்தெடுத்தது. நான் பார்த்தது 2018இல் இம்பீரியல் அரங்கில் ஜாக் ஓ'பிரையன் இயக்கிய மறுதயாரிப்பு. அதில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. ஜஸ்டின் பெக்கின் நடன அமைப்புக்கு, அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனி கிடைத்தது, தகும். ஓபரா பாடகி ரெனே ஃப்ளெமிங் பாடும்போது மூச்சு விடவும் மனம் வரவில்லை.

பில்லியாக வந்தவர் ஜோஷுவா ஹென்றி. மனைவி கருவுற்றிருப்பது தெரிந்ததும் பில்லி மேடையில் தனியே நின்று பாடும் நீண்ட பாட்டு ஒன்று உண்டு. பிறக்கப்போவது மகன்தான் என்று முதலில் மார்தட்டுகிறான். பாதியில், பெண்ணாகப் பிறந்தால் என்ன செய்வது என்று திடுக்கிடுகிறான். குரல் இறங்குகிறது, முகத்தில் பயம் வருகிறது. அவளுக்காகத் திருடவாவது செய்து பணம் சேர்ப்பேன் என்று முடிக்கும்போது அரங்கமே அவன் பக்கம் சாய்ந்துவிட்டது. மனைவி ஜூலியை அவன் அடித்தது அந்த நிமிடத்தில் யாருக்கும் நினைவில்லை. நடிப்பு எவ்வளவுக்கெவ்வளவு உயர்ந்ததோ, அவ்வளவுக்கவ்வளவு அவனுக்கு மன்னிப்பு எளிதாகக் கிடைக்கிறது. மட்டமான நடிகர் நடித்திருந்தால் நான் இந்தக் கட்டுரையே எழுதியிருக்க மாட்டேன்.

திருட்டில் மாட்டி இறந்துபோகும் பில்லி, பதினைந்து ஆண்டுகள் கழித்து ஒரே ஒரு நாள் பூமிக்கு வருகிறான். மகள் லூயிஸின் கையில் அடிக்கிறான். அந்த அடி முத்தம் போல இருந்தது என்கிறாள் மகள். பலமாக அடித்தாலும் வலிக்காமல் இருக்கலாம் என்று ஜூலி அதை ஆமோதிக்கிறாள். இந்த வசனத்தைத் துணிந்து வெட்டிய தயாரிப்புகள் உண்டு. வெட்டினாலும் கதை மாறாது.

'அந்தக் காலத்து நாடகம், அப்படித்தான் இருக்கும்' என்பார்கள். இதற்கு மூலமான ஹங்கேரிய நாடகம் 'லிலியோம்' இன்னும் பழையது, 1909இல் ஃபெரென்ட்ஸ் மோல்னார் எழுதியது. வலிக்காத அடி என்ற பேச்சு அதிலும் இருக்கிறது. ஆனால் மகளை அடித்த தகப்பன் அங்கே தோற்றவனாகவே திரும்ப அழைத்துச் செல்லப்படுகிறான். அவனுக்கு மீட்சி கொடுத்தது 1945இன் இசை நாடகம்தான். பழைய காலத்தின்மேல் பழியைப் போடாதீர்கள்.

வேலை இல்லை, கோபம் வந்தது, அன்பைச் சொல்லத் தெரியவில்லை: அடிப்பவருக்காக வீடு முழுவதும் சேர்ந்து தேடித் தரும் காரணங்கள் இவை. அதே மனிதர் மேலாளர் திட்டும்போது பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். சாலையில் போலீஸ் நிறுத்தினால் பணிவாகப் பேசுகிறார். வேலையிலிருந்து நீக்கியவரை அடிப்பதில்லை. கோபம் கட்டுக்குள்தான் இருக்கிறது, வீட்டுக்கு வந்த பிறகு அவிழ்த்துவிடப்படுகிறது. வேலை திரும்பக் கிடைத்த பிறகும் அடி நிற்காத வீடுகள் எனக்குத் தெரியும். மேலுலகில் விசாரிக்கும்போது பில்லியே உண்மையைச் சொல்லிவிடுகிறான்: வாக்குவாதத்தில் அவள் பக்கம் நியாயம் இருந்தது, அதனால் அடித்தேன் என்று. நாடகத்தில் எனக்குப் பிடித்த ஒரே இடம் அது. அவ்வளவு தெளிவாக எழுதிவிட்டு, அதன்மேல் எதற்கு அத்தனை இனிமையான இசை?

பெண் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இந்த நாடகத்துக்குப் போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். ஜூலி சொன்ன பதில் தவறு என்று வீடு திரும்புவதற்குள் சொல்லிவிடுங்கள். ஊரில் இருக்கும் அம்மாக்களே, மகள் போனில் அழுதால் 'கொஞ்சம் பொறுத்துப் போ' என்று மட்டும் சொல்லாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

அடி வாங்குகிறவர்களுக்கு: ஒருமுறை கழுத்தை நெரித்திருந்தாலும் அடுத்த முறைக்குக் காத்திருக்காதீர்கள், அது உயிருக்கு ஆபத்தான அறிகுறி. பாஸ்போர்ட், ஐ-94 (அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவு), திருமணச் சான்றிதழ், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். பிரியப்போகிறேன் என்று சண்டையில் அறிவிக்காதீர்கள்; ஆபத்து கூடும் நேரமே அதுதான். கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருப்பவர்களை 'போலீஸுக்குப் போனால் விசா போய்விடும்' என்று மிரட்டுவது வழக்கம். நம்பாதீர்கள், குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள். வன்முறைக்கு ஆளான எச்-4 மனைவியர் தாங்களே வேலை அனுமதி கேட்டு விண்ணப்பிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. நியூஜெர்சியில் 1985 முதல் தெற்காசியப் பெண்களுக்காகவே இயங்கும் 'மானவி' அமைப்பு இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய உதவி எண் 1-800-799-7233, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள், மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். கணவர் பார்க்கக்கூடிய போனிலிருந்து மட்டும் அழைக்காதீர்கள். அழைத்த எண்கள் பில்லில் வரும்.