நோட்டாம் வந்தால் சண்டை வருமா?

வங்காள விரிகுடா வரைபடத்தில் சிவப்புப் பட்டை போட்ட படம் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தால், குன்னூரில் என் வீட்டுக் கதவை யாராவது தட்டிவிடுவார்கள். போன முறை வந்தவர் அருவங்காடு கார்டைட் பேக்டரியில் ஓய்வு பெற்றவர். "சார், சண்டை வரப்போகுதா?" வெடிமருந்தோடு காலம் தள்ளிய மனுஷன் கேட்கிறார்!

நான் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் வேலை பார்த்தவன். அந்தப் பட்டைக்குப் பெயர் நோட்டாம். (நோட்டம் விடுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) ஏவுகணைச் சோதனை மாதிரி ஏதாவது இருந்தால், இன்ன நாளில், இன்ன நேரத்தில், இந்தப் பக்கம் பறக்காதீர்கள் என்று விமானிகளுக்குச் சொல்லும் அறிவிப்பு. அதைப் பார்த்ததும் எங்களுக்குச் சண்டை ஞாபகம் வராது. சிங்கப்பூர் விமானங்களை எப்படிச் சுற்றி அனுப்புவது என்ற கவலைதான் வரும். சில சமயம் சோதனை தள்ளிப்போகும்; போட்ட கணக்கெல்லாம் வீண்.

வெளிநாட்டுத் தூதரகங்கள் அதையே வேறு கண்ணால் படிக்கும். பட்டையின் நீளத்தை வைத்து ஏவுகணையின் பாய்ச்சலைக் கணிப்பார்கள். 5,000 கிலோமீட்டர் தாண்டும் அக்னி-5 என்றால் பெய்ஜிங் சும்மா இருக்காது. ஏவுகணைகளைக் கண்காணிக்க வல்ல யுவான் வாங் 5 என்ற சீனக் கப்பல் 2022 ஆகஸ்டில் அம்பாந்தோட்டைக்கு வந்தபோது டெல்லி முகம் சுளித்தது. கொழும்பு முதலில் பயணத்தைத் தள்ளிப்போடச் சொன்னது, அப்புறம் அனுமதித்தது.

பாகிஸ்தானோடு எல்லாம் எழுத்தில் இருக்கிறது. 1999 ஏப்ரலில் நாம் அக்னி-2 ஏவ, மூன்றே நாளில் அவர்கள் கோரி-2 ஏவினார்கள். அந்தப் போட்டிக்குப் பிறகு, 2005 அக்டோபர் 3 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. சோதனைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே சொல்லிவிட வேண்டும். ஏவும் இடம் எல்லையிலிருந்து 40 கிலோமீட்டருக்குள்ளும், விழும் இடம் 70 கிலோமீட்டருக்குள்ளும் இருக்கக் கூடாது. கார்கிலுக்குப் பிறகும் இவ்வளவு பேசி முடித்தார்களே என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

ஆனால் அது உயரே போய் வளைந்து விழும் பாலிஸ்டிக் ஏவுகணைக்கு மட்டும். விமானம்போல் காற்றிலேயே பறந்து போகும் குரூஸ் வகை அதில் சேராது. 2022 மார்ச் 9 அன்று பராமரிப்பின்போது தவறிப் பாய்ந்த நம் குரூஸ் ஏவுகணை ஒன்று பாகிஸ்தானின் மியான் சன்னுவில் விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் சோதனையே இல்லாதபோது நோட்டாம் எங்கிருந்து வரும்? வானத்தில் போன விமானங்களுக்கு எதுவுமே தெரியாது. அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

சரி, அடுத்த முறை படம் வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள். நேரம் கிரீன்விச் கணக்கில் இருக்கும், ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். பேக்டரிக்காரர் காட்டிய படம் எட்டு மாதப் பழசு.