மஞ்சள் குழாயில் குறைந்துபோன கந்தகம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சாயங்காலம் ஆறு மணிக்குத் துன் சம்பந்தன் சாலையோரம் நின்று பாருங்கள், தொண்டை கரகரக்கும். காற்றுத் தூய்மைக்கேடு என்றதும் நம் கண் கரும்புகை கக்கும் லோரிமேல்தான் போகிறது. ஆனால் அரசு எடுத்த நடவடிக்கைகளில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது கண்ணுக்கே தெரியாத ஒன்று: எண்ணெயிலிருந்த கந்தகத்தைக் குறைத்தது.

2020 ஜனவரியில் ரோன்95 பெட்ரோல் யூரோ 2எம் தரத்திலிருந்து யூரோ 4எம் தரத்துக்கு மாறியது. யூரோ எண் ஏற ஏற எண்ணெய் சுத்தமாகிறது என்று பொருள். நிலையத்தில் அதே மஞ்சள் குழாய்தான், நம்மில் பலர் கவனித்திருக்கவே மாட்டோம். உள்ளே, கந்தகத்தின் உச்சவரம்பு பத்து லட்சத்தில் 500 பங்கிலிருந்து 50 பங்காக இறங்கியிருந்தது. 2021 ஏப்ரலில் டீசல் யூரோ 5க்கு மாறியபோது 500 பங்கு வெறும் 10 ஆனது. சுத்திகரிப்பு ஆலையில் கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் ஹைட்ரஜனைச் செலுத்தினால், அது எண்ணெயிலுள்ள கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு வாயுவாக வெளியேறிவிடும்.

சரி, கந்தகத்தின்மேல் ஏன் இவ்வளவு கோபம்? எரியும்போது அது கந்தக டைஆக்சைடாகிறது. அப்புறம் காற்றில் மெல்ல மாறி, நுரையீரலின் அடிவரை இறங்கும் சல்பேட் நுண்துகளாகிறது. 2018 முதல் நம் ஐபியு, அதாவது காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு, கணக்கில் சேர்த்திருக்கும் பிஎம்2.5 எனும் மிக நுண்ணிய துகள்களில் இதுவும் அடக்கம்.

இதைவிடப் பெரிய கேடு வண்டிக்குள்ளேயே நடக்கிறது. புகைக்குழாயில் வினையூக்கி மாற்றி என்றொரு பெட்டி உண்டு. இடியாப்ப அச்சின் துளைகள்போல நெருக்கமான மெல்லிய குழாய்கள். அவற்றின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் அந்தப் பூச்சில் ஒட்டி, கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் வெறும் நைட்ரஜனாகவும் மாறி வெளியேறும். கந்தகம் வந்தால் அந்த இடங்களில் உட்கார்ந்துகொண்டு எளிதில் எழுந்திருக்காது. நெடுஞ்சாலையில் பெட்டி நன்றாகச் சூடேறினால் ஓரளவு விலகும். நெரிசலில் ஊர்ந்துகொண்டே போனால் அந்தச் சூடும் வராது. ஈயம் இன்னும் மோசம், பூச்சை நிரந்தரமாகவே கெடுத்துவிடும். ஈயம் கலந்த பெட்ரோல் தொண்ணூறுகளில் இங்கே ஒழிந்த பிறகுதான் இந்தப் பெட்டிக்கே வாழ்வு வந்தது.

தொழிற்சாலைகளுக்கு 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் 2014இல் புதிய தூய காற்று விதிகள் வந்தன. புகைபோக்கியில் துகள்களுக்கு மின்னேற்றம் கொடுத்து எதிரே தகடுகளில் ஒட்டவைப்பார்கள். தகட்டைத் தட்டினால் தூசு கீழே கொட்டும். குறிப்பிட்ட வகை ஆலைகளில் கருவி புகையை இடைவிடாமல் அளந்து சுற்றுச்சூழல் துறைக்கு நேரடியாக அனுப்புகிறது. ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் ஒழுங்காக இருப்பது அங்கே பலிக்காது.

கரும்புகை லோரிக்கு 1996ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. புகைக்குள் ஒளியைச் செலுத்தி எவ்வளவு மறைகிறது என்று பார்ப்பார்கள். ஆனால் எண்ணெய் எவ்வளவு சுத்தமானாலும், எஞ்சினுக்குள் எண்ணெயைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் அழுக்கடைத்தால் வண்டி புகையத்தான் செய்யும். பராமரிப்புக்கு மாற்றே கிடையாது.

பட்டறையில் யாராவது, "அந்தப் பெட்டியைக் கழற்றிட்டா பிக்கப் நல்லா இருக்கும்" என்றால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். கழற்றிய வண்டியில் எந்த யூரோ எண்ணெயை ஊற்றினாலும் கார்பன் மோனாக்சைடு மாறாமல் வெளியே வரும். சிவப்பு விளக்கில் நிற்கும்போது, பின்னால் மோட்டாரில் இருப்பவரின் முகத்துக்குத்தான் அது நேராகப் போகும்.