ஜே.டி.எம்.: சொல்லும் பொருளும்

பழைய ஜப்பானிய விரைவுக் கார்களின் விலையேற்றத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் ‘ஜே.டி.எம்.’ என்ற பெயர் வராமல் இருப்பதில்லை. ‘ஜாப்பனீஸ் டொமஸ்டிக் மார்க்கெட்’ என்பதன் முதலெழுத்துகளான இவை, ஜப்பானுக்குள் விற்பதற்கென்றே செய்யப்பட்ட பொருளைக் குறிக்கும். ஜப்பானில் செய்த கார் எதுவானாலும் இப்படி அழைப்பது பெருவழக்காகிவிட்டாலும், அது பிழையே. ஹோண்டா என்.எஸ்.எக்ஸ். காரில், உள்நாட்டாருக்கு விற்ற வலப்பக்க ஸ்டீயரிங் வண்டி ஜே.டி.எம்.; அதே நாட்டில் உருவாகி, அக்யூரா என்ற பெயருடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய இடப்பக்க ஸ்டீயரிங் வண்டி ஜே.டி.எம். அன்று.

‘டொமஸ்டிக்’ என்பதன் வேர், வீட்டைக் குறிக்கும் ‘டோமுஸ்’ என்ற லத்தீன் சொல். வீடு என்ற பொருளும் உள் என்ற பொருளும் தமிழில் ‘அகம்’ என்ற ஒரே சொல்லில் கூடியிருப்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஜப்பானியர் இத்தகைய வண்டியைக் ‘கொக்குனை ஷியோ’ என்பார்கள். ‘கொக்கு’ நாடு, ‘நை’ உள், ‘ஷியோ’ அமைப்பு. அதாவது உள்நாட்டு அமைப்பு.

விலை ஏறியதற்கான காரணமும் இந்த ‘உள்’ளில்தான் இருக்கிறது. தன் பாதுகாப்பு விதிகளுக்கேற்பச் செய்யப்படாத வண்டிகளுக்கு அமெரிக்கா 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் கதவை இறுக்கினாலும், செய்து 25 ஆண்டு நிறைந்த வண்டிக்கு விலக்கு அளித்தது. இதனால் 1989இல் வந்த நிசான் ஸ்கைலைன் ஜி.டி.-ஆர். ஆர்32 வண்டிக்கு 2014இலும், 1999இல் வந்த ஆர்34க்கு 2024இலும் அந்தச் சந்தை திறந்தது. புதிதாக ஏறத்தாழ 50 லட்சம் யென்னுக்கு விற்ற ஆர்34, இன்று அங்கே ஒரு லட்சம் டாலரை எளிதாகத் தாண்டுகிறது. வாங்குபவர் முதலில் தேடுவதும் உள்நாட்டு அடையாளங்களையே. 2.6 லிட்டர் இரட்டை டர்போ எஞ்சின் பூட்டிய அந்த வண்டியின் வேகமானி மணிக்கு 180 கிலோமீட்டரோடு நின்றுவிடும். ஜப்பானிய நிறுவனங்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட வரம்பு அது. அந்த முள்வட்டம் மாற்றப்படாமல் இருந்தால் வண்டிக்கு மதிப்புக் கூடுதல்.

தமிழில் ‘ஜப்பான் உள்நாட்டுச் சந்தை வண்டி’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ‘சந்தை வண்டி’ என்றதும் வாரச் சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் வண்டியே நம் கண்முன் வருகிறது. வெறுமே ‘உள்நாட்டு வண்டி’ என்றாலோ, படிப்பவர் தம் நாட்டு வண்டி என்றே கொள்வார். ஆகவே ‘ஜப்பான் உள்நாட்டு வண்டி’ என்பதே பொருந்தும். இலங்கைத் தமிழர் ‘ரீகண்டிஷன்’ என்று சொல்லி ஓட்டும் ஜப்பானிய இறக்குமதிக் கார்களில், முதலில் ஜப்பானியருக்கு விற்கப்பட்டு அங்கே ஓடியவற்றுக்கும் இப்பெயர் அப்படியே பொருந்தும். ஆனால் ரீகண்டிஷன் என்பது வண்டி பழையது என்பதைச் சொல்கிறதே தவிர, யாருக்காகச் செய்யப்பட்டது என்பதைச் சொல்வதில்லை.