மூன்று 9.69

100 மீட்டர் ஓட்டத்தில், விதிக்கு உட்பட்ட காற்றில், 9.69 வினாடியை எட்டியவர்கள் மூன்று பேர்: 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் உசைன் போல்ட், 2009-இல் ஷாங்காயில் டைசன் கே, 2012-இல் லோசானில் யோஹன் பிளேக். பட்டியலில் மூன்றும் ஒன்றுதான். தடத்தில் ஒன்றல்ல.

டைசன் கே ஓடியபோது வினாடிக்கு 2.0 மீட்டர் வேகத்தில் காற்று முதுகைத் தள்ளியது. சாதனைக்கு விதி அனுமதிக்கும் உச்சம் அது, 2.1 ஆகியிருந்தால் கணக்கில் சேர்ந்திருக்காது. அந்தக் காற்று ஏறத்தாழ 0.1 வினாடியை மிச்சப்படுத்தும். போல்டுக்குக் காற்று 0.0. பிளேக்குக்கு 0.1 அளவில் எதிர்காற்று. காற்றைக் கழித்துப் பார்த்தால் கே 9.79-க்கு அருகில் வந்து நிற்பார். கடைசி மீட்டர்களில் போல்ட் கைகளை விரித்து, நெஞ்சில் தட்டிக்கொண்டு ஓடினாரே, அதை எந்தச் சூத்திரத்தில் சேர்ப்பது?

சரி, ஊக்கமருந்தை எப்படிக் கழிப்பது? 2009-இல் பிளேக் மூன்று மாதத் தடை பெற்றார். 2013-இல் கே ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார். 2012 ஜூலை நடுப்பகுதியிலிருந்து அவர் பெற்ற முடிவுகள் ரத்தாயின. ஷாங்காய் நேரம் மட்டும் பட்டியலில் அப்படியே இருக்கிறது.

காற்றுக்கு உள்ளது போன்ற திருத்தக் கணக்கு மருந்துக்கு இல்லை. தசையை வளர்க்கும் ஊக்கமருந்தான ஸ்டீராய்டு, போட்டி நாளன்று கால்களைப் பிடித்துத் தள்ளுவதில்லை. அதன் வேலையெல்லாம் பல மாதங்களுக்கு முன்பே, பயிற்சிக் களத்தில் நடந்துவிடுகிறது. தசையில் புரதம் சேர்வதை அது கூட்டுகிறது. இன்று கடுமையாக உழைத்த உடல் நாளையே மறுபடியும் உழைக்கத் தயாராகிறது. மருந்து உடலைவிட்டு நீங்கிய பிறகும் வளர்ந்த தசை இருக்கும். அதன் பங்கு எத்தனை நூறில் ஒரு வினாடி என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

அதனால்தான் சந்தேகப்படுகிறவர்கள் திடீர்ப் பாய்ச்சலைத் தேடுகிறார்கள். பெண்கள் 100 மீட்டரில் அமெரிக்க வீராங்கனை புளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னரின் சிறந்த நேரம் 1987 வரை 10.96. 1988 ஜூலையில் இண்டியானாபொலிஸில் 10.49! அவர் எந்தச் சோதனையிலும் சிக்கியதில்லை. எனக்கு முதலில் உறுத்துவது காற்றுமானிதான். அந்த ஓட்டத்துக்கு அது 0.0 காட்டியது, அதே வேளையில், அதே மைதானத்தில், மும்முறைத் தாண்டல் களத்தின் காற்றுமானி காட்டியது 4.3.

மறுநாள் இறுதிப்போட்டியில், அளந்த காற்று 1.2 இருக்க, அவர் 10.61-இல் முடித்தார். 10.49-ஐப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டாலும் உறுத்தல் தீராது: அதற்கு முந்தைய உலக சாதனை 10.76.